ஞாயிறு காலை உரையை நடத்துவது எப்படி?

அமெரிக்காவில் யூனிட்டேரியன் (திரித்துவத்தை ஏற்காமல் கடவுள் ஒருவரே என்ற கிறிஸ்தவ மரபில் வந்த) சர்ச்சுகள் பலவற்றில் ஞாயிறு வழிபாட்டை ஒட்டிப் பெரியவர்களுக்கான உரை நடக்கும். குடிநீரில் ஈயம், குடியேறிகள் உரிமை, சிறைச் சீர்திருத்தம் என எதையும் பேசலாம்.

வழிபாடு பத்தரைக்கு என்றால் உரை ஒன்பதேகாலுக்குத் தொடங்கட்டும். பேச்சு 25 நிமிடம், கேள்விகள் 20. மீதி காபிக்கும் நாற்காலி மடக்குவதற்கும். பேச்சாளர் 40 நிமிடம் இழுத்தால் பலியாவது கேள்வி நேரம்தான். பலர் வருவதே அதற்காக. எனவே 20-ஆவது நிமிடத்தில் ‘5’ என்று எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்ட முன்வரிசையில் ஓர் ஆள் வேண்டும். கொஞ்சம் கறாரான ஆளாக இருந்தால் நல்லது.

“என் குரல் கணீரென்று இருக்கும், மைக் வேண்டாம்” என்பவரை நம்பாதீர்கள். அரங்கில் லூப் (மைக்கின் ஒலியைச் செவிப்புலன் கருவிகளுக்கு நேரே அனுப்பும் கம்பிச் சுற்று) பொருத்தியிருந்தால், மைக்கில் விழும் ஒலி மட்டுமே அதன் வழியே செவிப்புலன் கருவிக்குப் போகும். கேள்வி கேட்பவரிடம் மைக் போகாவிட்டால், நடத்துபவர் கேள்வியை மைக்கில் திருப்பிச் சொல்லவேண்டும்.

இன்னொன்று: அமெரிக்காவில் சர்ச் போன்ற வரிவிலக்குள்ள தொண்டு அமைப்புகள் எந்த வேட்பாளருக்காகவும் பிரசாரம் செய்யக்கூடாது என்பது 1954-இல் வந்த விதி. குடிநீர்ச் சட்டத்தை அலசலாம். ‘இவருக்கு ஓட்டுப் போடுங்கள்’ வேண்டாம். தேர்தல் ஆண்டில் இதை அழைப்பு மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள்.