அம்மா முற்றம் கூட்டிய கதை

இவருக்கு இடுப்பு நோ இன்னும் மாறவில்லை. நேற்று சோபாவில் சரிந்தபடி மூன்றாவது தடவையாக அக்காவுக்குப் போனில் கதை சொன்னார். முதல் தடவை வழுக்கி விழுந்தார். இரண்டாம் தடவை தூக்கி எறியப்பட்டார். மூன்றாம் தடவை நான் தேத்தண்ணியோடு போனபோது இரண்டு காலும் கராஜ் கூரைக்கு மேலே போய் வந்திருந்தன. எல்லாக் கதையிலும் குற்றவாளி மட்டும் மாறவில்லை. என்ரை அம்மா.

இங்கே கனடாவில் திங்கட்கிழமையிலிருந்து ஸ்நோ கொட்டுகிறது. நாங்கள் டிரைவ்வேயை அள்ளி முடித்து, ஷவலைச் சுவரில் சாத்தி, கேத்தலை வைக்கிற நேரம் பார்த்து நகரசபை வண்டி வரும். றோட்டு ஸ்நோ முழுவதையும் எங்கள் வாசலில் இடுப்புயரத்துக்கு மதிலாகக் கட்டிவிட்டுப் போகும். "ஊரிலை மேசன் ஒரு மதிலுக்கு ஒரு மாசம் இழுப்பான். உவன் ஒரு நிமிஷத்திலை கட்டிப்போட்டான்" என்று அம்மா ஜன்னலடியில் நின்று அதிசயப்படுவா. நவம்பரில் உள்ளே போனால் ஏப்ரலில்தான் அவ வெளியே வாறது. இடையில் உள்ள மாதங்களுக்கு ஜன்னலடிதான் அவவின் அலுவலகம். யார் வீட்டு வாசல் அள்ளவில்லை, யார் கார் கிளம்பவில்லை, எல்லாக் கணக்கும் அங்கே உண்டு.

ஆனால் பொங்கல் வந்தால் சட்டம் வேறு.

விடியப்புறம் ஐந்து மணி, −18. மற்ற எல்லாரும் நித்திரை. அம்மா என்ரை ஜக்கெற்றையும் இவரின் பூட்ஸையும் போட்டுக்கொண்டு, போன வருஷம் சித்தி ஊரிலிருந்து சூட்கேசில் கொண்டுவந்த ஈர்க்கு விளக்குமாற்றோடு இறங்கிவிட்டா. ராத்திரி தூவியிருந்த மா மாதிரி ஸ்நோவை வாசலிலிருந்து றோட்டு வரைக்கும் வளைச்சு வளைச்சுக் கூட்டியிருக்கிறா. உண்மையைச் சொன்னால் ஷவலை விட அது வடிவாக வேலை செய்திருக்கிறது. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கூட்டின முற்றத்துக்குத் தண்ணி தெளிக்க வேண்டாமோ? சாணி கிடைக்காத நாடு. ஒரு வாளி சுடுதண்ணியில் மஞ்சளைக் கரைச்சு, கிழக்கும் மேற்கும் நன்றாக வீசித் தெளிச்சுவிட்டு உள்ளே வந்து கோப்பி குடிச்சா. அதற்குமேல் கோலம் வேறு. வெள்ளைத் தரையில் வெள்ளை அரிசிமாக் கோலம். அது இருந்ததை அம்மா சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம்.

ஆறரை மணிக்கு இவர் வேட்டியோடு, ஒரு கையில் பானையும் மறுகையில் பால் பைகளுமாக, கராஜ் வாசலில் அடுப்பு வைக்கப் போனார். போனார் என்பதைத்தான் நான் கண்டேன். பிறகு சத்தம் மட்டும்தான். பானை உருண்டு அந்த மதிலில் முட்டி நின்றது. பால் பை ஒன்று உடையாமல் சறுக்கிக்கொண்டே போய் முன்வீட்டுத் தபால் பெட்டியடியில் சேர்ந்தது.

அம்மா ஜன்னலைத் திறந்து பார்த்தா. "கிழக்குப் பக்கமாத்தான் போயிருக்குது, நல்ல சகுனம். தம்பி, நீங்கள் எழும்புங்கோ."

"மாமி, இது முத்தமில்லை, ஐஸ் ஹொக்கி கிரவுண்ட்!"

பக்கத்து வீட்டு இத்தாலிக் கிழவர் ஓடிவந்து இவரைத் தூக்கிவிட்டார். பிறகு நிலத்தைப் பார்த்தார். இந்த நாட்டில் ஸ்நோவில் மஞ்சளைக் கண்டால் எல்லாருக்கும் ஒரே நினைப்புத்தான். தன்ரை நாயைத் திரும்பிப் பார்த்து ஏசினார். என்னிடம் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்று நானும் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேன். பாவம் அந்த நாய்.

உப்புப் போட்டோம். −10 தாண்டினாலே சாதாரண உப்புக்குச் சோம்பல் வந்துவிடும், −18 இல் அது சும்மா கல்லு மாதிரிக் கிடந்தது. பெரிய குளிருக்கென்று விற்கிற உப்பு மூன்று கடையில் முடிந்துவிட்டது. நாலாவது கடையிலிருந்து இவர் நொண்டி நொண்டிப் பூனை மண் மூட்டையோடு வந்தார். வழுக்காமல் இருக்க அதைப் போடலாமாம். காசு வாங்குகிற பிள்ளை சிரித்துக்கொண்டே பூனையின் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறாள். இவர் நோவில் "மாமி" என்றிருக்கிறார். கூடப் போன என்ரை மகள் இதைக் கேட்டு, வீட்டுக்கு வந்ததும் நேரே அம்மம்மாவிடம்தான் ஓடினாள். பூனை எப்ப வரும் என்று இன்றைக்கும் கேட்கிறாள். அம்மா கேட்கிற கேள்வி வேறு.

அம்மாவை வெளியே போகவேண்டாம் என்று சொல்லலாம்தான். எடுபடாது. காரணம் 1999. அந்த ஜனவரியில் ஒரு மீற்றருக்கு மேல் ஸ்நோ கொட்டி, ரொறன்ரோ மேயர் மெல் லாஸ்ட்மன் அள்ளுகிறதுக்கு ஆமியைக் கூப்பிட்டார். மற்ற மாகாணத்துச் சனம் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறது. அம்மா ஸ்காபுரோவுக்கு வந்து அப்போது மூன்று மாதம். ரீவியில் பச்சை உடுப்பையும் கவச வாகனத்தையும் கண்டவுடன் அடையாள அட்டை, காணி உறுதி, என்ரை பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி, சப்பாத்தும் போட்டுக்கொண்டு கதவடிக் கதிரையில் இருந்திட்டா. அவங்கள் ஷவலோடு நிற்கிறதைக் காட்டி விளங்கப்படுத்த எனக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. கடைசியில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு, "ஆமி வந்து முத்தம் கூட்டிக் குடுக்குதோ?" என்றா. அந்தப் பை அவிழ இன்னும் ஒரு கிழமை போனது.

இந்தமுறை நான் வாய் திறக்கமுதலே, "ஆமிக்காரன் கூட்டலாம், நான் கூட்டக்கூடாதோ?" என்று முடித்துவிட்டா.

கடைசியில் ஒரு உடன்படிக்கை. அம்மா இறங்குவதில்லை. ஐஸ் கிடக்கிற இடத்தில் அடையாளத்துக்குப் பொங்கல் கரும்பை நட்டிருக்கிறது. தபால்காரர் அதைச் சுற்றித்தான் வந்து போகிறார், ஏன் என்று கேட்கவில்லை.

இன்று விடிய மறுபடியும் தூவியிருந்தது. பள்ளிக்கூட பஸ் வர முதல் மகள் விளக்குமாற்றோடு நின்றாள். அம்மா ஜன்னலுக்கு உள்ளே நின்று, "குனிஞ்சு கூட்டு பிள்ளை, கோடு பிசகாமல்" என்று கண்ணாடியில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தா. வாசலிலிருந்து றோட்டு வரைக்கும் அரைவட்டம் அரைவட்டமாகக் கோடு. எங்கள் ஊர் வீட்டு முற்றம் காலமையில் இருக்கிறது மாதிரியே.

இவர் காருக்குப் போக இறங்கினார். இடுப்பைப் பிடித்தபடி, அந்தக் கோடுகளில் மிதிக்காமல் கரையோரமாகச் சுற்றிப் போனார். வழுக்கும் என்ற பயமோ வேறு என்னவோ, நான் கேட்கவில்லை.