புழுவுக்கு முருங்கைக்கீரை

எங்கள் வீட்டில் வளரும் மிளகு, மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட தடிவால் பல்லி. ஒரு சாண் நீளம்கூட இராது. வாங்கி வந்த முதல் ஐந்து மாதங்களும் அதற்கு நான் போட்டது கோதுமைத் தவிட்டில் வளரும் மீல்வார்ம் புழுக்களை மட்டும்தான். அவை மலிவாகக் கிடைத்தன, மிளகும் மறுக்காமல் தின்றது, வாலும் நாளுக்கு நாள் தடித்தது. உடம்பு நன்றாகத் தேறிவிட்டது என்றே நினைத்திருந்தேன். ஐப்பசியில் ஓர் இரவு, இரையை நோக்கி நகரும்போது அதன் முன்னங்கால்கள் நடுங்கின, வயிறு தரையில் இழுபட்டது. கோவையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர், கால்சியம் குறைந்து எலும்பு மெலிந்துவிட்டது என்றார்.

வால் காட்டுவது கொழுப்பின் இருப்பை மட்டுமே என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. மீல்வார்ம், சில்வண்டு போன்ற தீனிப் பூச்சிகளில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம்; பல்லிக்கோ கால்சியம் இரண்டு பங்கும் பாஸ்பரஸ் ஒரு பங்குமாகச் சேர வேண்டும். கணக்கு தலைகீழானால், ரத்தத்தில் குறையும் கால்சியத்தை உடல் எலும்பிலிருந்து உருவிக்கொள்கிறது. உண்ட கால்சியம் உடலில் ஒட்டுவதற்கு வைட்டமின் டி3 வேண்டும். அது மிஞ்சினாலும் கேடு என்பதால் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டுவதில்லை.

ஆகவே இப்போதெல்லாம் பல்லிக்கு முன் பூச்சிக்குத்தான் பந்தி. தீனி போடுவதற்கு ஒரு நாள் முன்பே சில்வண்டுகளுக்கு முருங்கைக்கீரையும் கேரட் துருவலும் வைத்துவிடுகிறேன். பாலக்கீரை ஆகாது, அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். வயிறு நிறைந்த பூச்சிகளைக் கால்சியத் தூளோடு டப்பாவில் போட்டு ஒரு குலுக்குக் குலுக்கினால், மேலெல்லாம் திருநீறு பூசியதுபோல் வெளுத்துவிடும். கால்களால் அவை தூளைத் துடைத்துக்கொள்வதற்குள் கூண்டில் விட வேண்டும். தின்னாமல் மிஞ்சுவதை இரவே எடுத்துவிடுகிறேன், இல்லையெனில் சில்வண்டு தூங்கும் பல்லியையே கடிக்கும். "ஏங்கண்ணு, பொரியலுக்கே கீரை பத்தல, நீ புழுவுக்குப் போடறயா?" என்று அமுச்சி (அம்மாவின் அம்மா) கேட்டதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

கோபிசெட்டிபாளையம் பக்கம் இருப்பதில் எனக்கொரு வசதி உண்டு. அப்புச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்தில் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறார். மென்மையும் நீர்ச்சத்தும் மிகுந்து, கொழுப்புக் குறைந்த அந்தப் புழு பல்லிக்கு அருமையான தீனி. ஆனாலும் கால்சியத் தூள் இதற்கும் தேவை. இரையின் அகலம் பல்லியின் இரு கண்களுக்கிடையே உள்ள இடைவெளியைத் தாண்டக் கூடாது என்பதால், நான்கு முறை தோலுரித்து ஐந்தாம் பருவத்தில் விரல் பருமனுக்கு வந்துவிட்ட புழுக்களை விட்டு, மூன்றாம் பருவத்துச் சிறு புழுக்களையே பொறுக்குகிறேன். தோல் உரிக்கும் சமயத்தில் தட்டுகளில் கிருமிநாசினித் தூள் தூவுவார்கள். அப்படித் தூவிய தட்டில் நான் கை வைப்பதே இல்லை. பருத்திக் காட்டிலும் மஞ்சள் காட்டிலும் பிடிக்கும் வெட்டுக்கிளியும் அப்படித்தான், எந்த மருந்து எப்போது அடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

வளைந்த முன்னங்கால் இனி நிமிராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நடுக்கம் மட்டும் நின்றிருக்கிறது. நேற்று இரவு மிளகு மூன்று பட்டுப்புழுக்களைத் தின்று, நான்காவதை நக்கிப் பார்த்துவிட்டு, ஓட்டுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.