150இல் வைத்தால் 190: வீட்டு ஓவனைக் கழற்றிப் பார்த்த அனுபவம்

லவ் கேக் ஆறுதலாக வேக வேண்டிய பண்டம். ரவை, கஜு, பூசணி தோசி, ரோஸ் வாட்டர் எல்லாம் சேர்த்த கலவையை, அடியில் பத்திரிகைத் தாளை மடித்துப் போட்ட தட்டில் ஊற்றி, 150 டிகிரியில் விட்டுவிட வேண்டும். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு ஓவனில் கொஞ்சக் காலமாக அது சரிவரவில்லை. மேற்புறம் கறுத்துவிடும், நடுப்பகுதி களியாக நிற்கும். பிஸ்கட்டும் அடி கருகியது. பாண் மட்டும் முன்பைவிட நன்றாக வந்தது. பாணுக்கு 220 டிகிரி தேவை என்பதை யோசித்தாலே விஷயம் பாதி விளங்கிவிடும்.

மேலே நான்கு காஸ் அடுப்பு, கீழே கரண்டில் ஓடும் ஓவன் என்று இங்கே பல வீடுகளில் இருக்கிற மாதிரிதான் இதுவும். திரையெல்லாம் இல்லை, குமிழ் மட்டும். மனைவி தன் பாட்டுக்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். "110இல வைச்சா 150 மாதிரி வருது, விடுங்கோ" என்றாள். விட மனமில்லை. குமிழைக் குறைத்தும் சமாளிக்க முடியாமல் போகிற நாள் வரலாம், அன்றைக்கு அது கேக்கோடு நிற்காது.

கேட்டவர்கள் எல்லோரும் ஒவ்வொன்று சொன்னார்கள். கரண்ட் கூட வருகிறது என்பது ஒரு கட்சி. 230 வோல்ட்டுக்குப் பதில் 240 வந்தால், சூடேற்றும் கம்பியான எலிமென்ட் ஏறக்குறைய 9 வீதம் கூடுதலாகச் சூடேற்றும், உண்மைதான். ஆனால் அதனால் ஓவன் சீக்கிரம் சூடாகுமே தவிர, குமிழில் வைத்த சூடு வந்ததும் கரண்டை வெட்டுகிற தெர்மோஸ்டாட் அதே சூட்டில் வெட்டிவிடும். பார்க்க வந்த ஒருவர் எலிமென்ட்டை மாற்றச் சொன்னார். எலிமென்ட் போனால் ஓவன் சூடாகாது, அல்லது ட்ரிப் சுவிட்ச் விழும். கூடுதல் சூட்டுக்கு அதை மாற்றுவது வீண் செலவு.

முதலில் அளந்து பார்க்க வேண்டும். ஓவனுக்குள் தொங்கவிடுகிற தெர்மோமீட்டர் ஒன்றை நடுத்தட்டின் நடுவில் வைத்தேன். கதவைத் திறந்து பார்த்தால் சூடு இறங்கிவிடும், கண்ணாடி வழியாகத்தான் வாசிக்க வேண்டும். எந்த ஓவனும் ஒரே சூட்டில் நிற்பதில்லை. ஏறும், வெட்டும், இறங்கும், மறுபடி ஏறும். வைத்த அளவுக்கு மேலேயும் கீழேயும் 10, 15 டிகிரி ஊசலாடுவது சாதாரணம். அதனால் முதலாவது ஏற்றத்தை விட்டுவிட்டு, அடுத்து வரும் உச்சத்தையும் இறக்கத்தையும் குறித்து நடுவை எடுக்க வேண்டும். எங்களுடையது 150இல் 190ஐச் சுற்றியும், 180இல் 220ஐச் சுற்றியும் ஆடியது. தெர்மோமீட்டரிலேயே சந்தேகம் வந்தால் சீனி இருக்கிறது. சீனி உருகுவது ஏறக்குறைய 186 டிகிரியில். குமிழை 175இல் வைத்து, ஒரு கரண்டி சீனியைத் தகரத் தட்டில் போட்டுக் கால் மணி நேரம் விட்டால் அது அப்படியே மணல் மணலாக இருக்க வேண்டும். எங்கள் சீனி பாகாகிவிட்டது.

இதோடு குமிழுக்குப் பக்கத்திலுள்ள சிறிய செம்மஞ்சள் விளக்கையும் பார்க்க வேண்டும். தெர்மோஸ்டாட் கரண்டை விடும்போது அது எரியும், வெட்டும்போது அணையும். விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது, ஆனால் எல்லா அளவிலும் ஒரே வித்தியாசம் என்றால் தெர்மோஸ்டாட் வேலை செய்கிறது, கணக்குத்தான் பிசகியிருக்கிறது. விளக்கு அணையவே இல்லை, சூடு ஏறிக்கொண்டே போகிறது என்றால் தெர்மோஸ்டாட்டில் கரண்டை வெட்டும் முனைகள் ஒட்டிவிட்டன, அல்லது அதற்குள் இருக்கும் திரவம் கசிந்துவிட்டது. அந்த ஓவனைப் பழுதுபார்க்கும் வரை பாவிக்கக் கூடாது. எங்களுடையது முதல் வகை என்றுதான் ஆரம்பத்தில் தெரிந்தது.

அடித்தட்டில் விரித்திருந்த அலுமினியத் தாளை முதலில் எடுத்தெறிந்தேன். துப்புரவுக்காகப் போடுவது, ஆனால் அது காற்றோட்டத்தை மறித்து அடிச் சூட்டைக் குழப்பும். பிஸ்கட்டின் அடி கொஞ்சம் தேறியது, 40 டிகிரி வித்தியாசம் அசையவில்லை.

அடுத்து தெர்மோஸ்டாட்டின் உணர்முனை. ஓவனின் பின்சுவரில் கிளிப்பில் மாட்டியிருக்கும், பென்சிலைவிட மெல்லிய ஓர் உலோகத் தண்டு அது. அதற்குள் இருக்கும் திரவம் சூட்டில் விரிந்து, மெல்லிய குழாய் வழியாகக் குமிழுக்குப் பின்னாலுள்ள தகட்டைத் தள்ளும். தகடு அசைந்து முனைகளைப் பிரிக்கும். எங்கள் ஓவனில் அந்தத் தண்டு ஒரு கிளிப்பிலிருந்து கழன்று, பாதி சுவர்த் துளைக்குள் போயிருந்தது. துளைக்கு அப்பால் சூடு குறைவு, ஆகவே அது ஓவன் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தது. இழுத்துக் கிளிப்பில் மாட்டியதும் வித்தியாசம் 40இலிருந்து 30க்குக் கிட்ட வந்தது. மிச்சம் எங்கே?

அப்புறம்தான் தெர்மோஸ்டாட்டையே வெளியே எடுத்தேன். ட்ரிப்பை இறக்கி, பிளக்கைக் கழற்றி, காஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிய பிறகுதான் அடுப்பை முன்னால் இழுக்க வேண்டும். வயர்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓவனைச் சுற்றியிருக்கும் கண்ணாடிப் பஞ்சு கையில் பட்டால் நாள் முழுக்கச் சொறியும், கையுறை போடுங்கள். மெல்லிய குழாயைக் கூர்மையாக மடித்தால் அதோடு சரி.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது வெந்நீர்ச் சோதனை. கொழும்பு கடல் மட்டத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 100 டிகிரியில்தான் கொதிக்கும். நுவரெலியாவில் என்றால் 94க்குக் கிட்டவே கொதித்துவிடும், கணக்கை மாற்ற வேண்டும். சட்டியில் கொதிக்கிற தண்ணீரில், அடியில் முட்டாமல் உணர்முனையை முழுதாக அமிழ்த்தி, குமிழ் உள்ள தலைப்பகுதியை ஆவி படாமல் வெளியே வைத்து, வயர் மாட்டும் இரண்டு இடங்களிலும் மல்டிமீட்டரைப் பிடித்தேன். கரண்ட் போக வழி இருந்தால் அது கூவும், முனைகள் பிரிந்தால் நிற்கும். குமிழ் 150இல் இருக்கும்போது மீட்டர் கூவியது. மெதுவாகக் குறைத்துக்கொண்டே வந்தால் 100க்குப் பக்கத்தில் 'டிக்' என்று கூவல் நிற்க வேண்டும். 100ஐத் தாண்டியது, 80ஐத் தாண்டியது, 70 வந்த பிறகுதான் நின்றது. அந்த 30 இங்கேதான் இருந்தது. திரும்பத் திரும்பச் செய்தபோது இன்னொன்றும் தெரிந்தது. சில தடவை 50க்கு இறக்கியும் கூவல் நிற்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் இலேசாகத் தட்டியதும் 'டிக்'. முனைகள் ஒட்டத் தொடங்கிவிட்டன.

சில தெர்மோஸ்டாட்களில் அளவைச் சரிசெய்ய ஒரு சிறிய திருகு இருக்கும். முனை ஒட்டுகிற ஒன்றை அப்படிச் சரிசெய்வதில் அர்த்தமில்லை.

பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு புறக்கோட்டைக்குப் போனேன். கடையிலிருந்த நானா டிகிரியைக் கேட்கவே இல்லை. பழையதை வாங்கி, குமிழ் பொருந்தும் அச்சிலுள்ள வெட்டு எந்தப் பக்கம் என்று பார்த்து, "வால் எவ்வளவு நீளம் தம்பி?" என்றார். பிறகு நாலைந்தை மேசையில் பரப்பி, பழையதோடு ஒன்றொன்றாக வைத்துப் பார்த்தார். அவர் பார்த்தவைதான் முக்கியம்: வெட்டு, குழாயின் நீளம், உணர்முனையின் தடிப்பு, திருகுத் துளைகளின் இடைவெளி, 16 ஆம்பியர் என்ற எழுத்து. உச்ச அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். பழையது 250 வரை, புதியது 300 வரை என்றால் குமிழில் அச்சிட்ட எண்கள் பொய்யாகிவிடும்.

டிஜிட்டல் ஓவன் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் திரவத் தண்டு இருக்காது. பலவற்றில் பிடி1000 என்ற சென்சர் இருக்கும். அது 0 டிகிரியில் 1000 ஓம், நம் 30 டிகிரி அறைச் சூட்டில் 1117 ஓமுக்குக் கிட்டக் காட்ட வேண்டும். அது சரியாக இருந்தும் சூடு ஏறிக்கொண்டே போனால் எலக்ட்ரோனிக் போர்ட்டில் கரண்டை விட்டு வெட்டும் ரிலே ஒட்டியிருக்கலாம்.

வயர் வேலை பழக்கமில்லாதவர்கள் தெர்மோமீட்டரோடும் விளக்கோடும் நிறுத்திக்கொண்டு, கண்டதை எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். எலிமென்ட் கதை உங்களிடம் எடுபடாது.

புதியதைப் பூட்டிய பிறகு 150இல் வைத்தால் 145க்கும் 165க்கும் இடையில் ஆடுகிறது. லவ் கேக் மேலே பொன்னிறமாக, உள்ளே ஈரப்பதத்தோடு வந்தது. பின்பக்க இடது மூலை மட்டும் இன்னும் சற்றுக் கூடச் சிவக்கிறது. கதவு ரப்பர் ஒரு பக்கம் தளர்ந்திருப்பது காரணமாக இருக்கலாம், அடுத்து அதைத்தான் பார்க்கப் போகிறேன். அதுவரை பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வைக்கிறோம்.