கசடதபறவைத் தேடல் கட்டத்தில் போட்டுப் பார்த்தேன்

சிற்றிதழ் ஒன்றுக்கு மெய்ப்புப் பார்த்துத் தருகிறேன். அதில் அதிக நேரத்தைத் தின்பது ஒற்றுப்பிழைதான். ‘அந்த பையன்’, ‘இந்த கதை’ எல்லாம் கண்ணுக்கு எளிதில் தப்பிவிடும். பைத்தான் நிரல்மொழியில் ரெகெக்ஸ் (எழுத்துகளின் அமைப்பைச் சொல்லித் தேடும் குறியீட்டு வரி) எழுதி இவற்றைப் பிடிக்கலாமா என்று கொஞ்ச நாளாக முயன்று வருகிறேன்.

சொற்களைப் பிரிக்க, சொல்லில் வரும் எழுத்தைக் குறிக்கும் பேக்ஸ்லாஷ் டபிள்யூ (\w) போதும் என்பார்கள். ‘தமிழ்’ என்று கொடுத்தேன். ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டாக வந்தது. நமக்கு மூன்று எழுத்து, கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யுனிகோடுக்கு ஐந்து குறியீடு: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. பைத்தானோடு வரும் ரெகெக்ஸ் நூலகம் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாக எண்ணுவதில்லை. சொல் எல்லையைப் பிடிக்கும் பேக்ஸ்லாஷ் பி-யும் (\b) இதே கணக்கில்தான் ஓடுகிறது, அதையும் நம்ப முடியாது.

கேரக்டர் கிளாஸிலும் இதே கதைதான். கேரக்டர் கிளாஸ் என்பது ஒரு சதுர அடைப்பு; அதற்குள் இருப்பவற்றில் ஒரே ஒரு குறியீடுதான் பொருந்தும். [கா] என்றால் ‘கா’ அல்ல. க அல்லது துணைக்கால்.

அப்புறம் வரிசை. இலக்கணப்படி க முதல் ன வரை 18 மெய். ஆனால் யுனிகோடில் ந-வுக்கு அடுத்த இடத்திலேயே ன வந்துவிடுகிறது. அதனால் [க-ன] என்று எழுதினால் ப, ம, ய, ர, ற, ல, ள, ழ, வ ஒன்பதும் வெளியே நிற்கும். நடுவில் ஜ நுழைந்துவிடும். எல்லாம் வேண்டுமென்றால் [க-ஹ], கிரந்த எழுத்துகளோடு சேர்த்து.

இனி ‘இதிலிருந்து அதுவரை’ என்னும் வீச்சுக்குறியை (-) விட்டுவிட்டு எழுத்துகளையே அடுக்குவது என்று முடிவெடுத்தேன். நம் இலக்கணம் அந்த வேலையை எப்போதோ செய்து வைத்திருக்கிறது! வல்லினம் [கசடதபற], மெல்லினம் [ஙஞணநமன], இடையினம் [யரலவழள]. பள்ளியில் பாட்டாகச் சொன்னதை அப்படியே அடைப்புக்குள் போட்டால் கேரக்டர் கிளாஸ் தயார். வல்லினத்தில் ட, ற இரண்டும் தமிழ்ச் சொல்லின் முதலில் வராது என்பதால் எனக்கு நான்கே போதும்:

[அஇஎ](ந்த|ப்படி) +[கசதப]

அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி ஆறும் இந்த ஒரு வரியில் அடங்கிவிட்டன. இதில் | என்றால் ‘அல்லது’; இடைவெளிக்குப் பின் வரும் + என்றால் இடைவெளி ஒன்றோ பலவோ. இதில் எனக்கு மிகவும் பிடித்தது [அஇஎ]. உயிரெழுத்து தனி வடிவில் சொல்லின் முதலில்தான் வரும், செய்யுளில் அளபெடை வந்தால் தவிர. ஆகவே அந்தச் சிறிய கிளாஸே சொல் எல்லையாகவும் நிற்கிறது. ‘வந்த கடிதம்’ இதில் மாட்டாது.

இரண்டாம் வேற்றுமை இவ்வளவு சுலபமில்லை. ஐகாரத்தில் முடியும் சொல்லையெல்லாம் தேடினால் ‘மழை பெய்தது’, ‘யானை படுத்தது’ என்று சரியான வரிகளே வந்து குவிகின்றன. எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்று ரெகெக்ஸுக்குத் தெரிய வழியில்லை. சரி, சந்தேகமே இல்லாத இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதை, இதை, எதை மூன்றும் எப்போதும் வேற்றுமை ஏற்றவைதான்:

[அஇஎ]தை +[கசதப]

பன்மைக்கு ‘களை’ என்ற முடிவைத் தேடினேன். ‘பூக்களை பறித்தாள்’ உடனே சிக்கியது. கூடவே ‘திருவிழா களை கட்டியது’ என்பதும் வந்தது. களைக்கு முன்னால் இடைவெளி இருக்கக்கூடாது என்று ஒரு மறுப்பு கிளாஸ் ([^ ], அதாவது இடைவெளி அல்லாத ஏதாவது ஒன்று) சேர்த்ததும் அது விலகிவிட்டது:

[^ ]களை +[கசதப]