சூசையப்பர் திருநாளும் சாக்கு கட்டிய அத்திமரமும்

அமெரிக்காவில் நியூயார்க்கின் புரூக்ளினிலோ தெற்கு ஃபிலடெல்ஃபியாவிலோ டிசம்பர் மாதம் வீட்டுக் கொல்லைகளை எட்டிப் பார்த்தால், சில இடங்களில் ஆள் உயரத்துக்கு ஒரு மூட்டை நிற்கும். சாக்கு, பழைய கம்பளி, அதன்மேல் தார்த்தாள், சுற்றிலும் கயிறு, உச்சியில் கவிழ்த்த வாளி. உள்ளே இருப்பது சீமை அத்திமரம். அந்த வீட்டில் ஒரு நொன்னா இருக்கிறார், அல்லது இருந்தார் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். இத்தாலிய மொழியில் நொன்னா என்றால் பாட்டி.

1880க்கும் 1924க்கும் இடையில் ஏறக்குறைய 40 லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்காவில் வந்து இறங்கினார்கள். பெரும்பாலோர் தெற்கத்திக்காரர்கள்: சிசிலி, கலாப்ரியா, காம்பானியா, பசிலிகாத்தா. 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் இத்தாலியர்களுக்கான இடத்தை ஆண்டுக்கு நாலாயிரத்துக்கும் கீழே சுருக்கியது. 1965இல் அந்த ஒதுக்கீட்டு முறை ஒழிந்த பிறகு இன்னொரு அலை வந்தது.

அந்தப் பாட்டிகளை நினைவுகூரும்போது குடும்பம், பக்தி, தோட்டம் என்று மூன்று தலைப்பில் எழுதிவிடுகிறோம். அவர்களுக்கு மூன்றும் ஒரே நாள்காட்டியில் இருந்தன. எந்தப் புனிதரின் திருநாளில் எதை விதைப்பது, எதைச் சமைப்பது, யாரைக் கூப்பிடுவது எல்லாம் அதிலேயே அடங்கும். ஆனால் அது உறைபனி அபூர்வமான கடற்கரை ஊர்களில் உருவான நாள்காட்டி. நியூயார்க்கில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி செல்சியஸையும் தாண்டும். எந்தத் தேதியை அப்படியே வைத்துக்கொள்வது, எதைத் தள்ளிப்போடுவது என்பதை அவர்கள் கைப்பழக்கத்தில் கண்டுபிடித்தார்கள். அவர்கள் போனதும் முதலில் தொலைவது இந்த அறிவுதான். அதனால் இங்கே அதையே எழுதிவைக்கிறேன்.

அத்தி மரத்தின் கட்டை சுமார் மைனஸ் 8 டிகிரி வரை தாங்கும். இளங்கிளைகள் அதற்கு முன்பே கருகும். வேர் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும் என்பதால் மரம் அடியோடு சாவதில்லை. ஆனால் மேல்கட்டை போய்விட்டால் அடியிலிருந்து புதிதாகத் துளிர்த்து வரவேண்டும். அப்படி வரும் கிளைகளில் காய் பிடிப்பது தாமதமாகும். பழுப்பதற்குள் அக்டோபர் குளிர் வந்துவிடும். மூட்டை கட்டுவது உயிரைக் காக்க என்பதைவிடப் பழத்தைக் காக்க என்பதே சரி.

கட்டவேண்டிய நேரம் நவம்பர் கடைசி. இலைகள் முழுவதும் உதிர்ந்து, லேசான உறைபனி இரண்டு மூன்று முறை பட்டிருக்க வேண்டும். அவசரப்பட்டு இலையோடு கட்டினால் உள்ளே பூஞ்சை பிடித்து நுனிகள் அழுகும். கட்டும் நாளில் வெயில் இருக்கட்டும். உறையும் குளிரில் கிளையை வளைத்தால் முறியும். முதலில் ஆறடி உயரத்துக்குக் கவாத்து செய்யுங்கள். வெட்டுவாயில் வடியும் பால் தோலை அரிக்கும், கையுறை போடுங்கள். பிறகு தடிமனான பருத்திக் கயிற்றால் அடியிலிருந்து மேலாகச் சுற்றிக்கொண்டே கிளைகளை ஒன்றுசேர்க்க வேண்டும். ஒரே இழுப்பில் இறுக்கினால் கவை பிளந்துவிடும். ஒரு சுற்று, கொஞ்சம் பொறுமை, அடுத்த சுற்று.

அதன்மேல் சாக்கு இரண்டு மூன்று அடுக்கு. இடுக்குகளில் காய்ந்த இலையோ வைக்கோலோ. ஈரமான இலையைத் திணிக்கவே கூடாது. வெளியே மழை இறங்காமல் தார்த்தாள் அல்லது தார்ப்பாய். அடிமரத்தைச் சுற்றி ஓரடி உயரத்துக்கு மண் அணைத்து, நெருக்கமான கம்பிவலை ஒன்றைச் சுற்றிவிடுங்கள். எலிக்கு இந்த மூட்டையைவிட நல்ல குளிர்கால வீடு கிடையாது. பட்டையை வட்டமாகக் கொறித்துவிட்டால் அதற்கு மேலுள்ள கிளை முழுவதும் பட்டுப்போகும். கடைசியாக உச்சியில் வாளி. வேடிக்கைக்காக வைப்பதில்லை, அந்த வாயில் இறங்கும் தண்ணீர்தான் உள்ளே உறைந்து கட்டையைக் கெடுக்கிறது.

இப்போது அடிக்கடி நடக்கும் தவறு, சாக்குக்குப் பதில் கறுப்பு பிளாஸ்டிக்கை நேராக மரத்தில் சுற்றுவது. பிப்ரவரி வெயிலில் உள்ளே சூடேறி மொட்டு விழித்துக்கொள்ளும், இரவில் அதே மொட்டு உறைந்து கருகும். வியர்த்த ஈரமும் வெளியேறாது.

இன்னும் குளிரான ஊர்களில் மரத்தைப் புதைப்பார்கள். மரத்தின் உயரத்துக்கு நீளமாக, இரண்டடி ஆழத்தில் ஒரு பள்ளம். பள்ளத்துக்கு எதிர்ப்பக்கத்து வேர்களை மட்டும் மண்வெட்டியால் வெட்டி, பள்ளத்துப் பக்கத்து வேர்களைக் கீல் மாதிரி விட்டு, மரத்தை மெல்லச் சாய்க்க வேண்டும். மேலே பலகை, இலை, தார்ப்பாய், மண். ஒவ்வொரு வருடமும் அதே திசையில் சாய்த்தால்தான் மரம் பழகும்.

பிரிக்கும் நாளில்தான் நாள்காட்டி தடுமாறும். மார்ச் 19, இயேசுவின் வளர்ப்புத் தந்தையான தச்சர் சூசையப்பரின் திருநாள். தெற்கு இத்தாலியில் அது வசந்தம். நியூயார்க்கில் அன்றைக்கு மூட்டையைப் பிரித்தால் ஏப்ரல் முதல் வாரத்து உறைபனி துளிரைத் தின்றுவிடும். ஏப்ரல் நடுவில், மேகமூட்டமான ஒரு நாளில், முதலில் வெளித்தாளை எடுத்து, சில நாள் கழித்துச் சாக்கை எடுப்பது நல்லது. நாலு மாதம் இருட்டில் கிடந்த பட்டை நேர் வெயிலில் வெந்துவிடும். கிளை காய்ந்ததுபோல் தெரிந்தால் நகத்தால் பட்டையைச் சுரண்டுங்கள்: பச்சை என்றால் உயிர், பழுப்பு என்றால் அந்த இடம் வரை வெட்டலாம். முழு மரமும் பழுப்பாக இருந்தாலும் ஜூலை வரை தோண்டாதீர்கள்.

அக்டோபரில் பழுக்காமல் நிற்கும் காய்களுக்கு ஒரு பழைய உத்தி உண்டு: காயின் அடியிலுள்ள கண்ணில் ஒரு துளி ஆலிவ் எண்ணெய். அது எத்திலீன் வாயுவைத் தூண்டிப் பழுக்கும் நாளை முன்னே இழுக்கும். முழு அளவுக்கு வளர்ந்த காய்க்கு மட்டுமே இது பலிக்கும். கழுத்து தொய்ந்து பழம் தொங்கினால் பறிக்கலாம். முன்னதாகப் பறித்தது பிறகு பழுக்காது.

சூசையப்பர் திருநாளை அப்படியே வைத்துக்கொள்ளக்கூடிய பயிரும் உண்டு: ஃபாவா மொச்சை. சிசிலியில் இலையுதிர் காலத்தில் விதைத்து, வசந்தத்தில் பச்சையாகப் பறிப்பார்கள். நியூயார்க்கின் குளிரை அந்தச் செடி நிலத்தில் கடக்காது. அதனால் அங்கே மண் வெட்ட வந்ததும், மார்ச் நடுவில் விதைப்பு. இரண்டு அங்குல ஆழம், விதைக்கு விதை ஆறு அங்குலம். தாமதித்தால் கோடை வெப்பத்தில் பூ உதிரும். காய் பிடித்ததும் நுனியைக் கிள்ளுங்கள், கறுப்பு அசுவினி முதலில் ஏறுவது அங்கேதான். ஒரு எச்சரிக்கை: ஜி6பிடி என்ற நொதி குறைபாடு தெற்கு இத்தாலிய வம்சாவளியில், குறிப்பாக ஆண்களிடம், அபூர்வமில்லை. அவர்கள் இந்த மொச்சையைத் தின்றால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையலாம். பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

அந்த மொச்சை, திருநாளன்று சிசிலியர்கள் உணவு படைத்துவைக்கும் சூசையப்பர் மேசையில் கட்டாயம் இருக்கும். பஞ்சத்தில் ஊரைக் காத்த பயிர் என்பது மரபுக்கதை. ஆசீர்வதிக்கப்பட்ட ஒரு காய்ந்த விதையைப் பணப்பையில் வைத்துக்கொள்வார்கள். மேசைக்கு மூன்று படிகள், தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவொரு கடவுளுக்காக. தவக்காலம் என்பதால் இறைச்சி இல்லை. சிலுவை, ஏணி, சுத்தியல் வடிவங்களில் ரொட்டிகள். மத்தி மீனும் பெருஞ்சீரகத் தழையும் உலர்திராட்சையும் சேர்ந்த பாஸ்தாவின்மேல் பாலாடைக்கட்டி தூவ மாட்டார்கள், வறுத்த ரொட்டித்தூள்தான். அது தச்சரின் மரத்தூள். அரைக் கிலோ பாஸ்தாவுக்கு ஒரு கோப்பைத் தூள், மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், சிறுதீயில் கை விடாமல் கிளறி, தேன் நிறம் வந்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். வாணலியின் சூட்டிலேயே கருகும். பரிமாறும் நொடியில் தூவுங்கள், இல்லையென்றால் களிபோல் ஆகிவிடும். இயேசு, மரியாள், சூசையப்பர் என்ற திருக்குடும்பமாக வேடமிட்ட ஏழைகளோ குழந்தைகளோ முதலில் சாப்பிட வேண்டும். வீட்டார் காத்திருப்பார்கள். எனக்கு இந்தச் சடங்கிலேயே பிடித்த பகுதி இந்த வரிசைதான்.

சிசிலிப் பாட்டிகள் பந்தலில் ஏற்றிய குகுட்சா, நம் சுரைக்காயேதான். வெள்ளைப் பூ மாலையில் விரிவதால், காய் பிடிக்காவிட்டால் பொழுது சாய்ந்தபின் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தொடவேண்டும். இளந்தளிரை அவர்கள் தெனெரூமி என்று சூப்பில் போடுவார்கள்.

ஆகஸ்டில் தக்காளி. சாறு காய்ச்சி ஜாடியில் அடைக்கும் அந்த நாளுக்குக் குடும்பமே வரும். ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவான குவார்ட் ஜாடிக்கு நீர்த்த சாறு என்றால் 2.3 கிலோ பழம் வேண்டும். கெட்டியாக வேண்டுமானால் 3 கிலோ. இங்கே மட்டும் பாட்டியின் முறையைத் திருத்தியே ஆகவேண்டும். அவர் ஒரு துளசி இன இலையான பசிலிக்கோவைப் போட்டு மூடினார், அவ்வளவுதான். தக்காளியின் புளிப்பு எல்லாப் பழத்திலும் ஒன்றாக இருக்காது. புளிப்பு குறையக் குறைய ஏறும் pH எண் 4.6க்கு மேல் போனால் மூடிய ஜாடிக்குள் பாட்டுலிசம் கிருமி நஞ்சு உண்டாக்கலாம். குவார்ட் ஜாடிக்கு இரண்டு மேசைக்கரண்டி, பாட்டிலில் விற்கும் எலுமிச்சைச் சாறு சேருங்கள். கையால் பிழிந்ததில் புளிப்பு மாறும். மேலே அரை அங்குலம் இடம் விட்டு, கொதிநீரில் மூழ்கவைத்து 40 நிமிடம். ஜாடிகளுக்கு இடையே துணி வையுங்கள், ஒன்றோடொன்று மோதினால் விரியும்.

வீடு விற்கப்படும்போது அத்திமரமும் போய்விடும். அதற்கு முன், இலையில்லாத பருவத்தில், பென்சில் தடிமனில் எட்டு அங்குலக் குச்சிகளை மூன்று நாலு கணுக்களோடு வெட்டி, ஈரச் செய்தித்தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். வசந்தத்தில் பொலபொலப்பான மண்ணில் பாதிக்கு மேல் புதையும்படி நடலாம். வேருக்கு முன்பே இலை வந்துவிடும். அதைப் பார்த்துப் பிழைத்துவிட்டது என்று தண்ணீரை ஊற்றினால் குச்சி அழுகும். பெரும்பாலான குச்சிகள் சாவது இப்படித்தான்.

ஒவ்வொரு தொட்டியிலும் பாட்டியின் ஊரை எழுதிவையுங்கள். ஊர் தெரியாவிட்டால் குடியேறிகள் நியூயார்க்கில் வந்து பதிவான எல்லிஸ் தீவின் கப்பல் பட்டியல்களில் தேடலாம். கணவர் பெயரில் கிடைக்காமல் போகலாம். இத்தாலியப் பெண்கள் பெரும்பாலும் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரிலேயே பதிவானார்கள். அந்தப் பெயரையும் ஊருக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள், மழையில் கரையாத பென்சிலால்.