இரட்டைச் சடையும் தொட்டிப் பாலமும்

மகளும் நானும் மட்டும் கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் போகிறோம் என்றதும் என் அம்மா கேட்ட முதல் கேள்வி, "தலை யார் பின்னுவது?" என்பதுதான். எங்கே தங்குவீர்கள், சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா என்பதெல்லாம் பிறகுதான் வந்தது. மனைவி செவிலியர், அரையாண்டு விடுமுறைக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. ஆறு வயதுக்காரியை விடுமுறை முழுக்க வீட்டுக்குள் அடைத்துவைக்க எனக்கு மனமில்லை. உச்சி பிரித்து இரட்டைச் சடை போடப் பழகிக்கொண்டு, சீப்பு, ரிப்பன், தேங்காய் எண்ணெய் சகிதம் திருநெல்வேலியில் ரயில் ஏறினோம்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் தொடங்கியதும் அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. சுற்றாமல் நின்றவற்றை மட்டும் எண்ணிக்கொண்டு வந்தாள். எதிரே இருந்த பெரியவர், ஒரே பெண்ணா, என்ன படிக்கிறாள் என்று விசாரித்துவிட்டு, "இப்போதிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் பவுன் சேர்த்து வையுங்கள் தம்பி" என்றார். அக்கறையில் சொன்னதுதான். ஆனாலும் பெண் குழந்தையின் தகப்பனைக் கண்டதும் ஊரில் எல்லோருக்குள்ளும் ஒரு கணக்குப்பிள்ளை விழித்துக்கொண்டு, ஒன்றாம் வகுப்பில் படிப்பவளின் கல்யாணத்துக்குக் கூட்டல் போட ஆரம்பித்துவிடுகிறார். நான் சிரித்து வைத்தேன்.

நாகர்கோவிலில் விடுதி அறையில் மறுநாள் காலை என் பின்னல் அரங்கேறியது. ஒரு சடை காதுக்கு மேலே, மற்றது காதுக்குக் கீழே. வடசேரி பேருந்து நிலையத்துக்கு வெளியே பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அம்மை வரவில்லையா மக்களே?" என்றார். அம்மா வரவில்லையா பிள்ளையே என்பதற்கு அந்த ஊர் வழக்கு அது. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கூடையை ஓரமாக நகர்த்தி, அவளைத் தன் முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, நான் மல்லுக்கட்டியதையெல்லாம் அவிழ்த்து இரண்டே நிமிடத்தில் பின்னி முடித்தார். தோவாளைப் பிச்சிப்பூ ஒரு முழம் வாங்கினேன். பூவுக்குக் காசு வாங்கிக்கொண்டார். பின்னலுக்குக் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார்.

தக்கலையில் இறங்கி, திருவிதாங்கூர் மன்னர்களின் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனோம். 1956 நவம்பர் 1 அன்று இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டாலும் அரண்மனை மட்டும் இன்றும் கேரள அரசின் பராமரிப்பில் இருக்கிறது. திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கும்போது அந்தக் கறுப்புத் தரையின் குளுமை உள்ளங்காலில் ஏறுகிறது. என் மகள் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, தரையில் முகம் தெரிகிறதா என்று பார்த்தாள். கூட்டத்தில் வந்த யாரோ அவளைத் தாண்டிக் குதித்துப் போனார்.

நவராத்திரி மண்டபத்தில்தான் பேச்சு நீண்டது. நடனத்தை ராஜ குடும்பத்துப் பெண்கள் மரச் சட்டங்களின் இடுக்கு வழியாகப் பார்ப்பார்கள் என்று சொன்னேன்.

"ஏன்? வெளியே வந்து உட்கார்ந்தால் நன்றாகத் தெரியுமே?"

"அவர்களை மற்றவர்கள் பார்க்கக் கூடாது என்று வைத்திருந்தார்கள்."

"ராஜாவைப் பார்க்கலாமா?"

"பார்க்கலாம்."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கண்ணாமூச்சி விளையாட அது நல்ல இடம் என்று தீர்ப்புச் சொன்னாள். நான் அவளிடம் சொல்லாத மீதி ஒன்று உண்டு. ராணிகளை மரச்சட்டத்துக்குப் பின்னால் வைத்த இதே திருவிதாங்கூர், வயலிலும் பனங்காட்டிலும் உழைத்த சாதிகளின் பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது என்றும் விதித்திருந்தது. 1822இல் தொடங்கிய தோள்சீலைப் போராட்டம் பலமுறை அடிபட்டு, மீண்டும் எழுந்து, 1859 ஜூலை 26 அன்று அரசாணை வரும்வரை நீண்டது. அந்த ஆணையும்கூட, மேல்சாதிப் பெண்களைப் போல் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. ஒருத்தியை மூடி வைப்பதும் இன்னொருத்தியை மூட விடாமல் தடுப்பதும் ஒரே அதிகாரத்தின் இரண்டு கைகள். பத்துப் பன்னிரண்டு வயதில் அவளை மறுபடியும் இதே மண்டபத்துக்கு அழைத்து வந்து இதைச் சொல்ல வேண்டும்.

கன்னியாகுமரியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். டிசம்பர் என்பதால் ஐயப்ப பக்தர்கள் கூட்டம். படகுக்கு வரிசை வளைந்து வளைந்து போனது. விவேகானந்தர் பாறைக்கும் 133 அடித் திருவள்ளுவர் சிலைக்கும் இடையே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 இறுதியில் திறக்கப்பட்டது. காலுக்குக் கீழே அலை அடிப்பதைப் பார்க்கப் பெரியவர்கள்தான் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

பகவதி அம்மன் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். தொப்பையோடு நின்ற என்னைப் பார்த்து என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெளியே வந்து கடற்கரையில் கதையைச் சொன்னேன். பாணாசுரனைக் கன்னிப்பெண் ஒருத்தியால்தான் கொல்ல முடியும். அதற்காக வந்தவள் இந்த அம்மன். சுசீந்திரத்திலிருந்து மாப்பிள்ளையாகச் சிவன் கிளம்பிவிட்டார். நாரதர் சேவல் போல் கூவ, முகூர்த்தம் தவறியது என்று அவர் பாதி வழியில் திரும்பிவிட்டார். கல்யாணத்துக்கு வைத்திருந்த அரிசியும் பருப்பும்தான் இங்கே கிடைக்கும் பலநிற மணல். கறுப்பும் சிவப்புமாகத் தெரிவது இல்மனைட், கார்னெட் கனிமங்கள் என்பது எனக்குத் தெரியும். அதை அடுத்த வகுப்புக்கு ஒத்திவைத்தேன். கல்யாணம் நின்றதைப் பற்றி அவள் ஒன்றுமே கேட்கவில்லை. அசுரனைக் கொன்றாளா என்று கேட்டாள். கொன்றாள் என்றேன். "அப்புறம் என்ன?" என்று மணலைக் கிளறப் போய்விட்டாள். ரயிலில் பவுன் சேர்க்கச் சொன்ன பெரியவர், இதைக் கேட்க அங்கே இல்லாமல் போய்விட்டார்.

மகளோடு தனியே பயணம் செய்யும் அப்பாக்களுக்கு மட்டும் வரும் சிக்கல் ஒன்றைச் சொல்ல வேண்டும். கழிப்பறை. ஆண்கள் பக்கம் அவளை அழைத்துப் போக மனம் வராது. பெண்கள் பக்கம் நான் நுழைய முடியாது. தனியே அனுப்பினால் வாசலில் நிற்கும் எனக்கு நிமிடம் நகராது. குழந்தையோடு வரும் யாராவது ஒரு பெண்ணிடம், "அக்கா, இவளைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டுவிடுவேன். ஒருவர்கூட மறுத்ததில்லை. தாழ்ப்பாளை ஒருமுறை போட்டுத் திறந்து பார்த்த பிறகே மூட வேண்டும், உள்ளே இருக்கும்வரை இரண்டாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். திற்பரப்பு அருவியில் குளித்துவிட்டு உடை மாற்றும் அறைக்குப் போனவள், "இரண்டு ஏழு பதினான்கு" என்று கத்துவதும், உள்ளே இருந்த பெண்கள் சிரிப்பதும் வெளியே கேட்டது. எட்டில் தடுமாறியபோது யாரோ எடுத்துக் கொடுத்தார்கள்.

கடைசியாக மாத்தூர் தொட்டிப் பாலம். காமராசர் காலத்துத் திட்டம். 1966இல் கட்டி முடித்தார்கள். இரண்டு குன்றுகளுக்கு நடுவே, பறளியாற்றுக்கு 115 அடி உயரத்தில், 28 தூண்களின் மேல் வாய்க்கால் ஓடுகிறது. கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் வயல்களுக்கு இதில்தான் தண்ணீர் போகிறது. பக்கத்திலேயே நாமும் நடந்து போகலாம்.

அவள் கையை உதறினாள். நான் விடவில்லை. இந்த இடத்தில் ஒன்றை எனக்கு நானே கேட்டுக்கொள்வது வழக்கம்: மகனாக இருந்தால் விட்டிருப்பேனா? இங்கே பதில் சுலபம். 115 அடி யாருக்கும் 115 அடிதான். மற்ற இடங்களில், மரம் ஏறும்போதும், தெருவில் இருட்டும்வரை விளையாடும்போதும், பதில் இவ்வளவு சுலபமாக வருவதில்லை. அவளைத் தடுப்பது உயரமா, அவள் பெண் என்பதா என்று ஒவ்வொரு முறையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பெண் என்பது மட்டுமே காரணமாக இருந்தால், பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிடுவது என்று வைத்திருக்கிறேன்.

"எத்தனை வயதானால் தனியாக நடக்கலாம்?" என்று கேட்டாள்.

"பத்து."

"ஏழு."

பாலத்தின் நடுவில் நின்று பேரம் நடந்தது. பின்னால் வந்த ஒரு குடும்பம் வழிக்காகக் காத்திருந்தது. எட்டில் முடிந்தது, நான் பத்தடி பின்னால் வரலாம் என்ற சலுகையோடு. இறங்கியதும் அன்னாசிப்பழக் கீற்று வாங்கிக் கொடுத்தேன். மிளகாய்த்தூள் தூவியதுதான் வேண்டும் என்று வாங்கி, கண்ணில் நீர் வழிய முழுவதையும் தின்று முடித்தாள்.