ஒற்றைக் காலில்

ஏப்ரல் 28, திங்கள்

நாளைக்கு ஆபரேஷன். மேலூரிலிருந்து வந்து மாட்டுத்தாவணியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதுகூட வலது கரண்டை ஒரு தடவை மடங்கியது.

2017 மாட்டுப் பொங்கல் கபடியில்தான் இது ஆரம்பித்தது. பாடிப் போன என்மேல் இரண்டு பேர் விழுந்தார்கள், பாதம் உள்பக்கமாகத் திருகிக்கொண்டது. முட்டை அளவு வீக்கம். எண்ணெய் போட்டு நீவிவிட்டார்கள்; பத்தாம் நாளே களத்தில் இறங்கினேன். அது பெரிய தப்பு. அப்புறம் எட்டு வருஷமாக வரப்பில் மடங்கும், படிக்கட்டில் மடங்கும், சின்னக் கல்லை மிதித்தாலே மடங்கும். பி.டி. வாத்தியார் நான். பிள்ளைகளோடு ஓட முடியாமல் ஓரமாக நின்று விசில் ஊதுவது எவ்வளவு வருத்தம் என்று எனக்குத்தான் தெரியும்.

டாக்டர் எடுத்ததும் கத்தியைப் பற்றிப் பேசவில்லை. நான்கு மாதம் ரப்பர் பட்டை கட்டிப் பயிற்சி செய்யச் சொன்னார். நிறையப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும், எனக்கு ஆகவில்லை. குதிகாலைப் பிடித்துப் பாதத்தை முன்னால் இழுத்துப் பார்த்தார். இடது பாதம் லேசாக அசைந்து டக்கென்று நின்றது. வலது பாதம் நிற்காமல் வந்தது, கரண்டை மொழிக்கு முன்னால் தோல் குழிந்தது. எலும்போடு எலும்பைப் பிடித்து வைக்கிற ஜவ்வு தளர்ந்துபோயிருந்தது. “ஏய்யா, இத வச்சுக்கிட்டா இத்தனை நாளு நடந்த?” என்று அம்மா அழுதுவிட்டது.

ஏப்ரல் 29, செவ்வாய்

இது புது வைத்தியமா என்று அப்பாவுக்குப் பயம். “ஜவ்வை இழுத்துத் தைக்கிறது 1966லேயே ஸ்வீடன்ல புரோஸ்ட்ரோம்ங்கிற டாக்டர் எழுதுனது ஐயா. 1980ல கூல்டுன்னு ஒருத்தர் பக்கத்துல இருக்கிற திசுப் பட்டையையும் சேர்த்துத் தச்சுப் பலமாக்குனாரு. இப்ப காலைப் பெருசாத் திறக்காம கேமரா விட்டுச் செய்யறோம்” என்றார் டாக்டர்.

ஒன்றை மறக்க மாட்டேன். என் நான்காவது கால்விரலைக் கீழே மடக்கினார். பாதத்தின் மேல் நூல் மாதிரி ஒரு நரம்பு தோலுக்கடியில் எழும்பி நின்றது. அதன்மேல் பேனாவால் கோடு போட்டார். அதைத் தொடாமல் துளை போட வேண்டுமாம், தொட்டால் பாதம் மரத்துப்போகும்.

முதுகில் ஊசி, தொடையில் இறுக்கமாக ஒரு பட்டை. நான் விழித்தேதான் இருந்தேன், திரையில் என் மூட்டின் உள்பக்கம் தெரிந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. எலும்பின் மேல் குருத்தெலும்பு இளநீர் வழுக்கை போல வெள்ளையாக, வழவழவென்று இருந்தது. ஜவ்வு இருக்க வேண்டிய இடத்தில் நைந்த தேங்காய் நார்தான் தொங்கியது. வெளிப்பக்க எலும்பில் நூல் கோத்த ஆணி மாதிரி குட்டியாக இரண்டு ஆங்கர் இறக்கி, அதன் நூலால் ஜவ்வை எலும்போடு இழுத்துக் கட்டினார்கள். குருத்தெலும்பு கெடாமல் இருந்ததே பெரிய நிம்மதி.

மே 12, திங்கள்

விடியலில் அழகர் ஆற்றில் இறங்கினார். விவரம் தெரிந்து நான் வைகைக்குப் போகாத முதல் வருஷம் இது. மாவுக்கட்டுக் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்து டிவியில் பார்த்தேன். கூட்டத்தின் சத்தம் கேட்டதும் கண் கலங்கியது.

மே 13, செவ்வாய்

தையல் பிரித்தார்கள். அரை அங்குலத் தழும்புகள். பெரிய பூட்ஸ் போட்டுவிட்டார்கள். இனி கொஞ்சம் கொஞ்சமாக ஊன்றலாம்.

ஜூன் 10, செவ்வாய்

ஆறு வாரம் முடிந்தது, பூட்ஸைக் கழற்றியாச்சு. கெண்டைக்கால் அநியாயத்துக்கு மெலிந்திருக்கிறது. வாசலில் நான்கு எட்டு வைப்பதற்குள் வியர்த்துவிட்டது. வலி அவ்வளவாக இல்லை, எங்கே மடங்கிவிடுமோ என்ற பயம்தான். “ஜவ்வு கட்டியாச்சு. பாதம் எங்க இருக்குன்னு மூளைக்குத் தெரியணும்ல, அத இனிமேத்தான் பழக்கணும்” என்றார் பிசியோ தங்கச்சி. அதற்குத்தான் ஒற்றைக்காலில் நிற்கிற பயிற்சி. முதல் நாள் மூன்று விநாடி நின்றேன்.

ஜூலை 16, புதன்

பள்ளியில் கோகோ ஆடும்போது ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று காலை மடக்கிக்கொண்டது. நான் கட்டையை ஊன்றிக்கொண்டே போய் அவளை உட்கார வைத்து, துணியில் ஐஸ் சுற்றி ஒத்தி, கிரேப் பேண்டேஜ் சுற்றி, காலை உயர்த்தி வைத்தேன். கூட்டிப்போக வந்த பாட்டி, “நீவி விட்டா சரியாப் போகும் சார்” என்றது. என் தழும்பைக் காட்டினேன். “ஆத்தா, நீவ வேண்டாம். முதல்ல எக்ஸ்ரே எடுங்க. எலும்பு நல்லா இருந்தாலும் நான் சொல்ற வரைக்கும் இவ ஓடக் கூடாது” என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். அந்த 2017இல் இப்படி ஒருவர் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அந்தப் பிள்ளைக்கு எலும்பு முறியவில்லை, வீக்கமும் வடிந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. தினம் காலையில் பிரேயருக்கு முன் வேப்பமரத்தடியில் நாங்கள் இரண்டு பேரும் அடிபட்ட காலில் மட்டும் நிற்கிறோம், கண்ணை மூடிக்கொண்டு. அவள் தோழி எண்ணுவாள்.

இன்று அவள் 22. நான் 17.